37 அடியிலிருந்து 30 அடிக்கு: ஃபிஃப்த் வீல் டிரெய்லரைச் சிறிதாக்கிய ஒரு தம்பதி (நிகழ்வு ஆய்வு)

பின்னணி

கணவருக்கு 71 வயது, மனைவிக்கு 68. அவர் பிளம்பராக இருந்து ஓய்வு பெற்றவர், மனைவி பள்ளி நூலகர். 2015-இல் வீட்டை விற்றுவிட்டு, 37 அடி நீளமுள்ள ஒரு ஃபிஃப்த் வீல் டிரெய்லருக்கே குடிபோய்விட்டார்கள். குளிர்காலம் ஐந்து மாதம் அரிசோனாவில், மேசா பக்கம். கோடையில் ஆரிகன் மாநிலப் பூங்காக்களில் கேம்ப் ஹோஸ்ட் வேலை, அதாவது முகாம் இடத்தைக் கவனித்துக்கொள்வது. இது சம்பளமில்லாத வேலை. வாரத்தில் இத்தனை மணி நேரம் என்று உழைத்துக் கொடுத்தால் தண்ணீர், மின்சாரம், கழிவு இணைப்போடு நிற்க இடம் இலவசம். கடிதம் வருவதற்கு டெக்சாஸின் லிவிங்ஸ்டனில் எஸ்கேப்பீஸ் என்ற, இப்படி வண்டியில் வாழ்பவர்களுக்கான சங்கத்தின் தபால் முகவரி வைத்திருக்கிறார்கள்.

நான் அரிசோனாவின் சாண்ட்லரில் குடியிருக்கிறேன். தொழிலால் இயந்திரப் பொறியாளன். ஆர்வி (உள்ளே குடியிருக்கக்கூடிய பயண வண்டி) பரிசோதனையில் பயிற்சி எடுத்து, கேட்பவர்களுக்குப் பார்த்துச் சொல்வது வழக்கம். அப்படித்தான் இவர்கள் பழக்கமானார்கள். அவர்கள் சம்மதத்தோடு இதை எழுதுகிறேன். பெயர்களையும், வாங்கிய விற்ற இடங்களின் பெயர்களையும் விட்டிருக்கிறேன்.

ஃபிஃப்த் வீலை அறியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. சாதாரண டிரெய்லரை வண்டியின் பின் பம்பருக்குக் கீழே கோத்து இழுப்போம். ஃபிஃப்த் வீலின் மூக்கு பிக்கப் டிரக்கின் பின்னால் சாமான் ஏற்றும் திறந்த தொட்டிக்கு மேலே நீண்டு வரும். அதிலிருந்து இறங்கும் கிங்பின் என்ற இரும்பு முளை, பின்னச்சுக்குச் சற்று முன்னால் தொட்டிக்குள் பொருத்திய ஹிட்ச் என்ற கொக்கியில் பூட்டிக்கொள்ளும். குதிரை வண்டிக் காலத்தில் முன்னச்சு திரும்புவதற்காகக் கிடைமட்டமாக ஒரு வளையம் வைத்திருந்தார்கள், நான்கு சக்கரத்துக்கு மேல் அது ஐந்தாவது என்பதால் வந்த பெயர் இது. இழுக்கும்போது ஆட்டம் குறைவு. ஆனால் டிரெய்லரின் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு டிரக்கின் முதுகிலேயே உட்கார்ந்துவிடும். இந்த ஆய்வில் பாதி விஷயம் அந்த ஐந்தில் ஒரு பங்குதான்.

2023 ஆகஸ்டில் கிழக்கு ஆரிகனில் ஒரு பழைய வனத்துறை கேம்ப்கிரவுண்டுக்குப் போனார்கள். 1930-களில் சிவிலியன் கன்சர்வேஷன் கார்ப்ஸ் என்ற அரசு வேலைத் திட்டத்தின் இளைஞர்கள் இப்படி எத்தனையோ இடங்களை அமைத்தார்கள். அந்தக் காலத்துக் காருக்கும் கூடாரத்துக்கும் அளந்து போட்ட பாதைகள் அவை. 37 அடி டிரெய்லரைப் பின்னால் எடுத்து நிறுத்த நாற்பது நிமிடம் ஆயிற்று. கணவருக்கு இடது தோளில் அறுவை சிகிச்சை ஆகியிருந்தது, கழுத்தையும் முழுதாகத் திருப்ப வராது. மனைவி வெளியே நின்று வாக்கி டாக்கியில் வழி சொன்னார். ஒரு பைன் கிளை ஸ்லைடின் (வண்டியை நிறுத்திய பிறகு வெளியே தள்ளி அறையைப் பெரிதாக்கும் பகுதி) மேற்கூரைத் துணியைக் கிழித்துவிட்டது. நான்கு ஸ்லைடுகளில் இரண்டைத்தான் திறக்க முடிந்தது, மற்ற இரண்டுக்கும் மரம் குறுக்கே நின்றது.

அன்று இரவு மனைவி கேட்ட கேள்வியிலிருந்துதான் எல்லாம் தொடங்கியது. நடுவழியில் கணவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் இந்த வண்டியை யார் ஓட்டுவது? எட்டு வருடத்தில் மனைவி ஒரு முறைகூட அதை இழுத்ததில்லை.

எடை மேடையில் தெரிந்தது

அக்டோபரில் மேசா வந்ததும் என்னிடம் சொன்னார்கள். எந்த டிரெய்லர் நல்லது என்பதுதான் முதல் கேள்வியாக இருந்தது. அதற்குமுன் இருக்கிற வண்டியை எடை போடுவோம் என்றேன். எட்டு வருடத்தில் அவர்கள் எடையே போட்டதில்லை. டிரக் நன்றாக இழுக்கிறது, பிறகென்ன என்பது கணவரின் எண்ணம். டீசல் எஞ்சினுக்கு இழுப்பது ஒரு பாரமே இல்லை, உண்மைதான். ஆனால் இழுக்கிற சக்தி வேறு, சுமக்கிற சக்தி வேறு.

லாரிகள் நிற்கும் டிரக் ஸ்டாப்புகளில் கேட் ஸ்கேல் எடை மேடை இருக்கும். முன்னச்சு, பின்னச்சு, டிரெய்லர் அச்சுகள் மூன்றையும் தனித்தனியாக அச்சடித்த சீட்டில் கொடுப்பார்கள். முதலில் டிரெய்லரோடு ஏறினோம். முன்னச்சு 4,760 பவுண்டு, பின்னச்சு 7,240, டிரெய்லர் அச்சுகள் 11,560. பிறகு டிரெய்லரைக் கழற்றி ஓரமாக நிறுத்திவிட்டு டிரக்கை மட்டும் ஏற்றினோம். முன்னால் 4,700, பின்னால் 3,940.

கணக்கு எளிது. டிரெய்லரோடு டிரக்கின் எடை 12,000, தனியாக 8,640. வித்தியாசம் 3,360 பவுண்டு, அதுதான் கிங்பின் எடை. டிரக் கதவைத் திறந்தால் நிலையில் ஒட்டியிருக்கும் சீட்டில் மொத்த எடை வரம்பு 11,500, பின்னச்சின் வரம்பு 7,000 என்று போட்டிருந்தது. டிரக் 500 பவுண்டும் அதன் பின்னச்சு 240 பவுண்டும் மீறியிருந்தன. டிரெய்லர் மட்டும் அதனுடைய 15,500 வரம்புக்குள் இருந்தது.

கணவர் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசவில்லை. எட்டு வருடம் ராக்கி மலைகளில் இப்படித்தான் ஏறி இறங்கியிருக்கிறோம் என்று அப்புறம் சொன்னார்.

எனக்கு அந்தச் சீட்டில் இன்னொரு எண் முக்கியமாகப் பட்டது. டிரெய்லரின் மொத்த எடை 14,920. ஆலையிலிருந்து வரும்போது அதன் வெற்று எடை 12,300. மீதி 2,620 பவுண்டு இவர்கள் ஏற்றியது. தொட்டியில் இருந்த தண்ணீரைக் கழித்தால் சுமார் 2,450 பவுண்டு சாமான். டிரெய்லரை மாற்றினாலும் இந்தச் சாமான் இவர்களோடுதான் வரும். வீடு சிறிதானால் சாமானும் தானாகச் சிறிதாகிவிடும் என்று நினைத்துக்கொண்டு டிரெய்லர் தேடுகிறவர்கள் மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான்.

முதலில் வைத்த நிபந்தனைகள்

நீளம் இத்தனை அடி என்று தொடங்க வேண்டாம் என்று மூவரும் பேசிக்கொண்டோம். மனைவியே ஒரு நோட்டில் எழுதினார். தானே டிரக்கில் பூட்டவும், ஓட்டவும், பின்னால் எடுக்கவும் முடிய வேண்டும். கட்டிலுக்கு இரண்டு பக்கமும் நடக்க இடம் வேண்டும், ஒருவர் மேல் ஒருவர் ஏறி இறங்கக் கூடாது. சாமானும் நிறைந்த தண்ணீரும் ஏற்றிய பிறகும் டிரெய்லர் வரம்பைத் தொடக் கூடாது. டிரக் அதேதான், இன்னொரு செலவு இல்லை. ஸ்லைடு ஒன்று அல்லது அதிகபட்சம் இரண்டு, அவற்றை மூடி வைத்திருந்தாலும் கழிவறைக்கும் சமையல் மேடைக்கும் போகக்கூடியதாக இருக்க வேண்டும்.

கடைசி நிபந்தனையைப் பலர் யோசிப்பதில்லை. வழியில் ஓர் ஓய்விடத்தில் நிறுத்தி மதியச் சாப்பாடு எடுக்க வேண்டுமென்றால் ஒவ்வொரு முறையும் ஸ்லைடைத் திறந்து மூட முடியாது. கடையில் பார்க்கும்போது எல்லா ஸ்லைடும் திறந்தே இருக்கும், அதனால் இது கண்ணில் படாது. மூடிக் காட்டச் சொல்லிக் கேட்க வேண்டும்.

புதியதா பழையதா என்பதில் கணவர் புதியது பக்கம், நான் பழையது பக்கம். ஆர்வி சாலையில் இறங்கிய முதல் ஒன்றிரண்டு வருடத்தில்தான் அதன் ஆலைக் குறைகள் வெளியே வரும். ஆணி பிடிக்காத அலமாரி, சரியாகப் பூசாத சீலன்ட் (ஒழுகலை அடைக்கும் பசை), தளர்ந்த தண்ணீர் இணைப்பு இதெல்லாம். முதல் சொந்தக்காரர் பொறுப்பானவராக இருந்தால் அவற்றைச் சரிசெய்திருப்பார். விலையும் அந்த வருடங்களில்தான் வேகமாக விழும். நான்கு முதல் ஏழு வருடம் ஓடியது பார்ப்போம் என்று முடிவாயிற்று.

பார்த்தவையும் விட்டவையும்

அமெரிக்காவின் ஆர்விகளில் பெரும்பகுதி இண்டியானாவின் எல்கார்ட் வட்டாரத்தில் தயாராகிறது. பலகையில் பெயர்கள் நூறு இருந்தாலும் பின்னால் இருக்கும் பெரிய கம்பெனிகள் சிலதான், அடியில் இருக்கும் இரும்புச் சட்டமான சேஸியும் பெரும்பாலும் லிப்பர்ட் என்ற ஒரே இடத்திலிருந்து வருகிறது. ஆரிகனின் லா கிராண்டில் இருக்கும் நார்த்வுட் போலச் சேஸியைத் தாங்களே செய்துகொள்பவர்கள் குறைவு. ஆகவே பெயரை மட்டும் வைத்துத் தரத்தை முடிவு செய்யாமல், ஒவ்வொரு வண்டியையும் அதன் அடியிலும் கூரையிலும் பார்ப்பது என்று வைத்துக்கொண்டோம்.

முதலில் முட்டை ஓடு மாதிரி இரண்டே துண்டாக வார்க்கும் ஃபைபர் கிளாஸ் வகையைப் பார்த்தார்கள். மினசோட்டாவின் பேக்கஸில் செய்யும் ஸ்காம்ப் 19 அடியும், பிரிட்டிஷ் கொலம்பியாவின் சில்லிவாக்கில் செய்யும் எஸ்கேப் 5.0-வும் இந்த வகை. கூரையிலும் மூலையிலும் பலகைகள் சேரும் இணைப்பு இல்லாததால் ஒழுகல் குறைவு, வருடக்கணக்கில் உழைக்கும். எனக்கு மிகவும் பிடித்த கட்டுமானம். ஆனால் கட்டில் கிங்பின்னுக்கு மேலே தாழ்வான பரணில் இருக்கிறது, நிமிர்ந்து உட்கார முடியாது. ராத்திரி இரண்டு முறை எழுந்திருப்பவருக்கு இது ஒத்துவராது என்று மனைவி அங்கேயே சொல்லிவிட்டார். வருடம் முழுக்கக் குடியிருக்கவும் இடம் போதாது.

அடுத்து, அரை டன் பிக்கப் என்னும் இலேசான டிரக்கே இழுக்கும் என்று விளம்பரம் செய்யும் இலகு வகை. 29 அடி, உள்ளே பளபளவென்று இருந்தது, சமையலறை நடுவே தனியாக நிற்கும் ‘தீவு’ மேடை வேறு. கணவருக்குப் பிடித்துவிட்டது. விற்பவர் வெற்று எடையையே திரும்பத் திரும்பச் சொன்னார். நான் கதவருகே இருந்த மஞ்சள் சீட்டைப் படித்தேன். மொத்த வரம்பு 9,995, ஏற்றக்கூடிய சாமான் 1,705 பவுண்டு. அதில் தண்ணீரும் அடக்கம். 54 காலன் தொட்டியை நிரப்பினால் தண்ணீரே 450 பவுண்டு. சாமானுக்கு மிச்சம் 1,255.

டிரெய்லர் 8 அடி குறைகிறது, ஆனால் இவர்கள் சாமானோடு ஏறினால் ஆயிரம் பவுண்டுக்கு மேல் வரம்பு மீறும். முன்பு டிரக் மீறியது, இப்போது டிரெய்லரின் அச்சும் டயரும் மீறும், இரண்டாவதுதான் ஆபத்து அதிகம். டயர் வெடித்தால் சக்கரக் குழிக்கு மேலே ஓடும் தண்ணீர்க் குழாய், ஒயர் எல்லாவற்றையும் பிய்த்துக்கொண்டு போகும். அந்த வண்டி வேண்டாம் என்று விட்டதுதான் இந்தக் கதையில் எடுத்த மிக நல்ல முடிவு என்று இன்றும் நினைக்கிறேன்.

சாமானை எடை போட்ட பத்து நாட்கள்

வேறு வண்டி தேடுவதற்குமுன் சாமானைக் குறைப்போம் என்றார் மனைவி. குளியலறைத் தராசை நடுவில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு அலமாரியாக இறக்கினார்கள். முதலில் தராசில் தான் ஏறி நின்று எடையைப் பார்த்துக்கொள்வார், பிறகு பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறுவார், வித்தியாசத்தை நோட்டில் குறிப்பார். பத்து நாள் நடந்தது.

கணவரின் கருவிப் பெட்டி 210 பவுண்டு. பிளம்பிங் வேலைக்கான குழாய்த் திருகிகள் நான்கு அளவில், ஒவ்வொன்றும் இரும்பு. கனமான வார்ப்பிரும்புப் பாத்திரம் மூன்று, 41 பவுண்டு. பீச் பழம் பதப்படுத்தும் கண்ணாடிச் சாடிகள் காலியாகவே 60 பவுண்டு, நிரப்பினால் கேட்கவே வேண்டாம். புத்தகம் 180 பவுண்டு. ஒரு கட்டிலின் அடியில் எட்டு வருடமாகத் திறக்காத பெட்டி ஒன்று இருந்தது, பழைய வீட்டின் திரைச்சீலைகளும் அவற்றின் இரும்புக் கம்பிகளும் அதில்.

முதலில் சண்டை வந்தது. கருவிகளைத் தொடாதே என்று அவர், தையல் இயந்திரத்தைத் தொடாதே என்று இவர். பிறகு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். கடந்த பன்னிரண்டு மாதத்தில் எடுத்துப் பயன்படுத்தியதா என்று மட்டும் கேட்டுக்கொள்வது. தையல் இயந்திரம் தப்பியது, வாரம் ஒருமுறை ஓடுகிறது. குழாய்த் திருகியில் இரண்டு தப்பின. வார்ப்பிரும்பில் ஒன்று. முடிவில் 2,450 பவுண்டு 1,640-ஆக வந்தது.

அந்த 1,640-ஐ வைத்து இலகு வண்டியின் கணக்கை மறுபடி போட்டோம். தண்ணீரோடு 385 பவுண்டு அப்போதும் அதிகம். கணவருக்கு அந்தச் சமையல் தீவின் மேல் இருந்த ஆசை அன்றோடு போயிற்று.

பரிசோதனை

2024 ஜனவரியில் நல்ல பெயருள்ள, கனமாகக் கட்டிய 30 அடி வண்டி ஒன்று விற்பனைக்கு வந்தது. கணக்கு பொருந்தியது, விலையும் ஏற்றதுதான். உள்ளே சுத்தமாக இருந்தது, ஆனால் படுக்கையறையில் ஊதுபத்தி மாதிரி ஏதோ வாசனை தூக்கலாக இருந்தது. வாசனை அதிகமாக இருக்கும் இடத்தில் எதையாவது மறைக்கிறார்களா என்று பார்ப்பது என் வழக்கம்.

வெளியே முன்பக்க மூலையில் மேலிருந்து கீழாக அலுமினியப் பட்டை ஓடும். அதன் நடுவில் திருகாணிகளை மூடிக்கொண்டு ஒரு வினைல் நாடா இருக்கும். கீழ்முனையை நகத்தால் நெம்பி நாடாவை ஓர் அடி இழுத்தேன். உள்ளே இருந்த ஆறு திருகாணிகளில் நான்கு துருப்பிடித்திருந்தன, ஒன்றைச் சுற்றித் திருகியதும் தலை மட்டும் கையோடு வந்தது. பக்கத்துச் சுவரைக் கட்டைவிரலால் அழுத்தினேன். மற்ற இடங்களில் கல் மாதிரி இருந்த சுவர் அங்கே மெத்தென்று உள்ளே போய்த் திரும்பி வந்தது. ஃபைபர் கிளாஸுக்குப் பின்னால் இருக்கும் மெல்லிய பலகை தண்ணீர் குடித்துவிட்டது என்று அர்த்தம். ஈரமானி அதை உறுதி செய்தது. விற்பவர் அது குளிரில் வியர்த்த ஈரம் என்றார். வியர்த்த ஈரத்தில் திருகாணியின் கழுத்து அறுந்துபோகாது. கும்பிடு போட்டுவிட்டு வந்துவிட்டோம்.

மார்ச்சில் அதே மாதிரிக் கட்டுமானத்தில் 2018-ஆம் வருட வண்டி ஒன்று டூசான் பக்கம் கிடைத்தது. ஒரே சொந்தக்காரர், நெகிழிக் கவரில் எல்லா ரசீதும் தேதிவாரியாக வைத்திருந்தார். 30 அடி, ஒரு ஸ்லைடு. வெற்று எடை 9,260, வரம்பு 12,000. ஏற்ற 2,740 பவுண்டு இடம். 1,640 சாமான், 60 காலன் தண்ணீருக்கு 500, எல்லாம் சேர்ந்து 11,400. அறுநூறு பவுண்டு மிச்சம்.

ஒரு முழு நாள் பார்த்தேன். கூரையில் ஏறி ஒவ்வொரு துளையின் ஓரத்திலும் சீலன்ட்டைத் தொட்டுப் பார்த்தேன், ஓரிடத்தில் வெடிப்பு ஆரம்பித்திருந்தது, மற்றவை நெகிழ்வாக இருந்தன. மூலை நாடாவை இழுத்துப் பார்த்தேன், திருகாணிகள் பளிச்சென்று இருந்தன. பிறகு மனைவியைப் படுக்கையறையில் நிற்கச் சொல்லிவிட்டு டிரெய்லரின் முன்பக்கத்தைத் தாங்கும் முன்கால்களை ஏற்றி இறக்கினேன். சேஸி தளர்ந்திருந்தால் படுக்கையறைச் சுவர் கூரையோடு சேருமிடத்தில் இடைவெளி திறந்து மூடும், அலமாரிக் கதவு தானே நகரும். எதுவும் அசையவில்லை. எரிவாயுக் குழாயில் அழுத்தம் ஏற்றிக் கசிவு பார்த்தோம். தண்ணீர்த் தொட்டிகள் மூன்றையும் நிரப்பிக் காலி செய்தோம். ஃபிரிட்ஜை முந்தின இரவே போட்டுவைக்கச் சொல்லியிருந்தோம், காலையில் உள்ளே வைத்த வெப்பமானி 37 டிகிரி ஃபாரன்ஹீட் காட்டியது.

டயரில் ஒரு விஷயம். வரிப்பள்ளங்கள் நன்றாக இருந்தன, பார்ப்பவர் இன்னும் நாலு வருடம் ஓடும் என்பார். பக்கச்சுவரில் டாட் (DOT) என்ற எழுத்துகளுக்குப் பின்னால் வரும் கடைசி நான்கு எண்கள் 1418. அதாவது 2018-இன் 14-ஆவது வாரம். டிரெய்லர் டயர் தேய்ந்து கெடுவதைவிட நின்று, வெயிலில் காய்ந்து கெடுவதுதான் அதிகம். அரிசோனாவில் ஆறு வருடம் நின்ற டயரில் வயதானவர்களை நெடுஞ்சாலைக்கு அனுப்ப மாட்டேன் என்றேன். விற்பவர் நல்ல மனிதர், நான்கு டயரின் விலையைக் கழித்துக்கொண்டார்.

நான் தவறவிட்டது

வண்டியை மேசாவுக்குக் கொண்டுவந்து சமதளத்தில் நிறுத்தியதும் மூக்கு தூக்கிக்கொண்டு நின்றது. இரண்டரை அங்குலம். டிரக் நான்கு சக்கர ஓட்ட வகை, தொட்டி உயரமானது. முன்னாலேயே தொட்டி விளிம்பின் உயரத்தையும் டிரெய்லர் சமமாக நிற்கும்போது அதன் கிங்பின் உயரத்தையும் அளந்திருக்க வேண்டும். எடையில் காட்டிய கவனத்தை உயரத்தில் காட்டவில்லை, அது என் தவறு.

மூக்கு தூக்கினால் சுமை பின்னால் சாயும், இரண்டு அச்சுகளில் பின்னதுதான் அதிகம் சுமக்கும். கிங்பின் பெட்டியைச் சேஸியோடு பூட்டும் போல்ட்டுகளைக் கழற்றி ஒரு துளை மேலே ஏற்றிப் பூட்டினோம். மூக்கு இறங்கியது. ஆனால் டிரக் தொட்டி விளிம்புக்கும் டிரெய்லரின் அடிவயிற்றுக்கும் இடைவெளி ஆறு அங்குலமாகக் குறைந்தது. மேடுபள்ளமான பாதையில் திரும்பும்போது இடிக்காமல் இருக்க அது போதும், அதற்குக் கீழே போயிருந்தால் வேறு வேலை வைத்திருக்கும்.

அப்புறம் மறுபடி எடை மேடை. டிரெய்லர் அச்சுகளில் 9,020. டிரக் தனியாக 8,520, டிரெய்லரோடு 10,780. கிங்பின் எடை 2,260, டிரெய்லர் மொத்தம் 11,280. டிரக்கின் பின்னச்சு 6,100. எல்லாம் வரம்புக்குள். கணவர் பழைய சீட்டையும் புதிய சீட்டையும் சமையலறை அலமாரிக் கதவின் உட்புறத்தில் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறார்.

மனைவி ஓட்டக் கற்றது

ஏப்ரலில் தொடங்கி ஐந்து ஞாயிற்றுக்கிழமைகள். காலை ஆறு மணிக்கு ஒரு பள்ளியின் காலி வாகன நிறுத்தத்தில் ஆரஞ்சு கூம்புகள் வைத்துப் பழகினார். ஃபிஃப்த் வீலைப் பின்னால் எடுக்கும்போது ஸ்டீயரிங்கின் அடிப்பகுதியைப் பிடித்துக்கொண்டால், கையை எந்தப் பக்கம் நகர்த்துகிறோமோ டிரெய்லரின் பின்பக்கம் அந்தப் பக்கம் போகும். இது கைக்கு வந்ததும் மீதி பொறுமைதான். கணவர் முதல் வாரம் கூடவே நின்று கத்திக் கத்திச் சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டாவது வாரத்திலிருந்து அவரை நான் காப்பி குடிக்கக் கூட்டிப்போய்விட்டேன். ஐந்தாவது வாரம் கணவர் பார்க்கும்போது மனைவி மூன்று முயற்சியில் கூம்புகளுக்கு நடுவே நேராக நிறுத்தினார். பூட்டுவது, பிரேக் ஒயரும் அவசரப் பிரேக் கம்பியும் மாட்டுவது, முன்கால்களைத் தூக்குவது எல்லாவற்றுக்கும் தன் கைப்பட ஒரு பட்டியல் எழுதி டிரக்கின் வெயில் மறைப்பில் செருகியிருக்கிறார்.

செப்டம்பரில் அது தேவைப்பட்டது. லா கிராண்ட் அருகே ஹோஸ்ட் வேலையில் இருக்கும்போது கணவருக்கு ஒரு கண்ணில் திடீரென்று பார்வை மங்கியது. விழித்திரைப் பிரச்சினை, போர்ட்லண்டில் அறுவை சிகிச்சை. அவர் ஓட்டவே கூடாது. மனைவி தானே பூட்டி, இன்டர்ஸ்டேட் 84-இல் மேற்கே கிளம்பினார். அந்த வழியில் பெண்டில்டனுக்குமுன் கேபேஜ் ஹில் இறக்கம் வரும், ஆறு சதவீதச் சரிவு, கொண்டை ஊசி வளைவுகள். லாரிக்காரர்களே எச்சரிக்கையாக இறங்குகிற இடம். உச்சியிலேயே கியரைக் குறைத்து, எஞ்சினாலேயே வேகத்தை அடக்கும் எக்ஸாஸ்ட் பிரேக்கைப் போட்டு, லாரிகளோடு சேர்ந்து வலது தடத்தில் மெதுவாக இறங்கியிருக்கிறார். அடிவாரத்தில் நிறுத்திச் சக்கர நடுவைத் தொட்டுப் பார்த்தேன், சூடு எல்லாவற்றிலும் ஒரே மாதிரி இருந்தது என்று தொலைபேசியில் சொன்னார். அதைக் கேட்டபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

கணவர் பார்வை திரும்பிவிட்டது. இப்போது பாதித் தூரம் அவர், பாதித் தூரம் இவர்.

ஒன்றரை வருடத்தில் கண்டவை

பழைய கேம்ப்கிரவுண்டுகள் திறந்துகொண்டன. 2023-இல் நாற்பது நிமிடம் எடுத்த அதே இடத்தில் 2025 ஜூனில் மனைவி பத்து நிமிடத்தில் நிறுத்தினார். கொஞ்சம் மேடான பாதைகளில் எஞ்சின் சூடும் முன்பைவிடக் குறைவு.

சிரமங்களும் உண்டு. கழிவுநீர்த் தொட்டி நான்கு நாளில் நிரம்புகிறது, முன்பு ஒரு வாரம் தாங்கும். சாய்வு நாற்காலி ஒன்றுதான் வைக்க இடம் இருக்கிறது, அதற்கு முறை வைத்துக்கொள்கிறார்கள். மழை நாளில் இருவரும் உள்ளேயே இருந்தால் எரிச்சல் வருகிறது என்று மனைவி வெளிப்படையாகச் சொன்னார். ஏழாவது மாதத்தில் குளியலறைக் காற்றோட்ட மூடியின் ஓரத்தில் சொட்டு விழுந்தது. நான் கூரையில் பார்த்த அதே வெடிப்புதான், சீலன்ட் பூச வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருந்தேன், வேலை தள்ளிப்போயிருந்தது. மாதம் ஒருமுறை ஈரமானியோடு மூலைகளைச் சுற்றிவருவது மனைவியின் வழக்கமாகிவிட்டதால் இரண்டாம் நாளே கண்டுபிடித்துவிட்டார். பலகை நனையுமுன் மூடியாயிற்று.

மறுபடி செய்தால் மாற்றுவது

பழைய டிரெய்லரை விற்றுவிட்டுப் புதியதைத் தேடியிருக்க வேண்டும். இவர்கள் வாங்கிய பிறகு விற்கப் போனார்கள், பெரிய வண்டிக்கு ஆள் கிடைக்க ஏழு மாதம் ஆயிற்று. அதுவரை நிறுத்திவைக்க வாடகை, இரண்டுக்கும் காப்பீடு. கடைசியில் நினைத்ததைவிட நிறையக் குறைத்தே கொடுத்தார்கள்.

30 அடியில் இரண்டு வாரம் வாடகைக்கு எடுத்து இருந்து பார்த்திருக்கலாம் என்கிறார் கணவர். நாற்காலி விஷயமும் தொட்டி விஷயமும் அப்போதே தெரிந்திருக்கும். என் பங்குக்கு, பரிசோதனைக்குப் போகும்போது இப்போதெல்லாம் முதலில் டிரக்கின் தொட்டி விளிம்பை அளந்து குறித்துக்கொண்டு போகிறேன். எழுதிக் கொடுக்கும் பழுதுகளில் எதை முதல் மழைக்குள் முடிக்க வேண்டும் என்று தேதியும் போடுகிறேன்.

ஒன்று மட்டும் தீரவில்லை. இவர்கள் நெடுநாள் ஆசை மொன்டானாவின் கிளேசியர் தேசியப் பூங்காவில் கோயிங் டு த சன் சாலையில் போவது. அவலாஞ்சிலிருந்து ரைசிங் சன் வரை 21 அடிக்கு மேல் நீளமான வண்டிக்கு அனுமதி இல்லை. டிரெய்லரைக் கழற்றி வைத்துவிட்டுப் போகலாம் என்று 2025 ஜூலையில் போனார்கள். நீளத் தொட்டி வைத்த டிரக்கே 22 அடி. பூங்காவின் பேருந்தில் போய் வந்தார்கள். 2,260 பவுண்டு கிங்பின் எடைக்கு இவ்வளவு பெரிய டிரக் வேண்டியதில்லையே, குட்டையான தொட்டி உள்ளதற்கு மாறலாமா என்று கணவர் கேட்கிறார். குட்டைத் தொட்டியில் கூர்மையாகத் திரும்பினால் டிரெய்லரின் மூக்கு டிரக்கின் பின்பக்க ஜன்னல் கண்ணாடியை இடிக்கும், நகரும் வகை ஹிட்ச் வாங்க வேண்டும், அதற்கு எடை தனி. கதவுச் சீட்டுகளைப் படம் எடுத்து அனுப்பத் தொடங்கியிருக்கிறார். இதுவரை மூன்று வந்திருக்கின்றன, கணக்கு இன்னும் போட்டுக்கொண்டிருக்கிறோம்.